உட்கார ஒரு சட்டம்

ஜவுளிக்கடைக்குப் போனால் நமக்கு நாற்காலி போடுவார்கள். புடவையை விரித்துக் காட்டுகிற பெண்ணோ கடை திறந்ததிலிருந்து நின்றபடியே இருப்பார். கூட்டமில்லாத மத்தியானத்தில் ரேக்கில் லேசாகச் சாய்ந்தாலும் சூப்பர்வைசர் முறைப்பார்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். நின்ற இடத்திலேயே நின்றால் அந்த வேலை சரியாக நடக்காது. ரத்தம் காலில் தேங்கும், பாதம் வீங்கும், நாளடைவில் ரத்தநாளம் புடைத்துச் சுருட்டிக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை. நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. கடை ஊழியர்தான் விடுபட்டுப் போனார். கேரளத்தின் கோழிக்கோட்டில், மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் இதற்காகக் குரல் கொடுத்தார்கள். 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரும்படி எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வேண்டும். முதலாளி பார்த்து அனுமதிக்கிற சலுகை இல்லை இது.

சில கடைகளில் ஸ்டூல் வந்துவிட்டது. ஆனால் அதன்மேல் புடவைக் கட்டுதான் உட்கார்ந்திருக்கிறது! அப்படியிருந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.