தனித்து நிற்கும் தாயின் மனச்சுமை



வன்னி மண்ணிலே போர் ஓய்ந்தது 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில். துவக்கொலி அன்றே அடங்கிற்று. ஆனால், நம் அயல் வீடுகளில் வாழும் எத்தனையோ தாய்மாரின் உள்ளத்து ஓலம் இன்றுவரை அடங்கவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் போரினாற் கணவரை இழந்த பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர் என்று 2010 இல் அரசாங்கத் தரப்பிலேயே கூறப்பட்டது. அவர்களுக்கு உதவுவது எனின் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் கொடுப்பதே என்று எண்ணிவிட்டோம். அவர்தம் மனம் படும் பாட்டை நாம் கேட்டோமா?

கணவன் இறந்தானெனில், அழுது, எட்டுச் செலவும் அந்தியேட்டியும் முடித்துத் துயரத்துக்கு ஓர் எல்லை காண்கிறோம். காணாமற்போனவனுக்கு எந்த நாளிலே திவசம்? அவன் மனைவி பொட்டை வைப்பதா, அழிப்பதா? நம்பினால் ஊர் நகைக்கிறது. நம்பிக்கையை விட்டால் அவள் நெஞ்சே அவளைத் துரோகி என்கிறது. வியட்நாம் போரிற் காணாமற்போன வீரரின் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் அம்மையார், இந்நிலைக்குத் 'தெளிவற்ற இழப்பு' எனப் பெயரிட்டார். நோய் பெண்ணிடத்தில் இல்லை, அவள் சிக்கிய நிலைமையிலேதான் உள்ளது என்பது அவர் துணிபு. போர் தனி மனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று நம் யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரமும் எழுதியுள்ளார். ஊர் முழுவதும் பட்ட காயத்தை மாத்திரை மட்டும் ஆற்றிவிடுமா?

இச்சுமையை ஏற்றுவன பிறவும் உள. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் பெயரிலுள்ள காணியையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க இயலாதென 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வகுத்தது. கணவன் இருக்குமிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம் என்றும் அதுவே கூறிற்று. இதனை அறிந்த பெண்கள் எத்தனை பேர்? காணாமற்போனவர் இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே, அவர் காணாமற்போயுள்ளார் எனச் சான்றிதழ் பெற 2016 இல் சட்டம் வழிசெய்தது. அதை எடுத்துரைப்பார் யார்? இடையிலே நுண்கடன் புகுந்தது. வாரந்தோறும் தவணைக்காரர் படலையில் வந்து நிற்கையில் எந்தத் தாய்க்கு உறக்கம் வரும்?

அவள் வைத்தியசாலைக்குப் போனால் மனம் நோகிறது என்று சொல்லமாட்டாள். தலையிடி என்பாள்; நெஞ்சு அடைக்கிறது என்பாள்; 'ஒரே யோசினை' என்பாள். அச்சொற்களுக்குள்ளே துயரம் ஒளிந்திருப்பதை நாம் உணர வேண்டும்.

வைத்தியர்களே, உறக்கத்தையும் பசியையும் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். சட்டத்தரணிகளே, மாதத்தில் ஒரு நாள் ஊர் வாசிகசாலையிலே கூலியின்றி அமர்ந்து காணி விடயங்களை விளக்குங்கள். ஆசிரியர்களே, வகுப்பிலே வாடியிருக்கும் பிள்ளையின் பின்னால் வாடியிருக்கும் தாயை நினையுங்கள். கமக்காரர்களே, உழவுக்கும் அறுவடைக்கும் அவள் வயலைக் கடைசி முறைக்குத் தள்ளாதீர்கள். நெல்லை அவளிடம் அறாவிலைக்குக் கேளாதீர்கள். கூட்டுறவுச் சங்கங்கள் நியாயமான வட்டிக்குக் கடன் கொடுக்க முன்வரட்டும்.

இவற்றுக்குப் பணம் வேண்டும், காலம் வேண்டும் என்பீர்கள். ஒரு காசும் வேண்டாத கடமை ஒன்றும் உண்டு. கலியாண வீட்டிலே அவளைப் பின்வரிசைக்குத் தள்ளும் வழக்கத்தை விட்டொழிப்போம். பெற்று வளர்த்த பிள்ளையின் மணவறையிலேயே தாய் ஒதுங்கி நிற்பது எந்தத் தர்மம்? அவள் வீட்டுக்கு வந்து போவாரை எண்ணிக் கதை கட்டும் நாவையும் அடக்குவோம். அவள் கூறுவதைக் குறுக்கிடாது கேட்போம். 'மறந்துவிடு' என்று மட்டும் சொல்லாதிருப்போம். உயிரையே வெறுத்துப் பேசினால் தனியே விடாது வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அறிந்து வைப்போம்.

காணாமற்போனோர் பற்றிய உண்மையைக் கூறுவது அரசின் கடன். அக்கடனை நாம் கேட்டே தீருவோம். ஆனால், அது வரும்வரை அவளைத் தனியே காத்திருக்க விடாமை நம் கடன் அன்றோ? அதற்கு எந்த அரசின் அனுமதியும் வேண்டியதில்லை. இன்று மாலை வீடு திரும்பும்போது, அத்தகைய ஒரு தாயின் படலையைத் திறந்து நலம் விசாரித்துவிட்டுச் செல்லுங்கள்.