சலங்கைக்குப் பாடும் குரல்



கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்தில் கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் அருளாசியோடு 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், பிரிக்பீல்ட்ஸில் பாட்டும் வாத்தியமும் நடனமும் ஒரே கூரையின்கீழ் சொல்லித் தருகிறது. வீட்டுக் கூடத்திலேயே பாய் விரித்துப் பாடம் சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழா பல பிள்ளைகளுக்கு முதல் மேடை. ஆனால் வர்ணம், கீர்த்தனை எல்லாம் பாடமாகி, சொந்தமாக ராகம் பாடவும் துணிவு வந்தபின், இருபத்திரண்டு வயதில் எங்கே போய்ப் பாடுவது?

சென்னைக்குப் போ என்பார்கள். மார்கழி சீசனில் பாடி வருவது நல்ல அனுபவம்தான். ஆனால் அங்கே இளையவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மத்தியான நேரம். சன்மானம் பெயருக்குத்தான். விமானச் செலவும் தங்கும் செலவும் கைப்பொறுப்பு. அகில இந்திய வானொலியில் பி, பி-ஹை, ஏ, டாப் என்று படிப்படியாகத் தரம் உயர்வது போன்ற ஏற்பாடு இந்தியக் கலைஞருக்கு அந்த நாட்டிலேயே இருக்கிறது. நம் பிள்ளைக்கோ, ஜனவரியில் ஊர் திரும்பியதும் பழைய கேள்வியே மறுபடி எதிரே நிற்கும்.

அதற்கு விடை நம் ஊரிலேயே சலங்கை கட்டி ஆடிக்கொண்டிருக்கிறது. இங்கே பாட்டுக் கச்சேரியைவிடப் பரதநாட்டியத்துக்குத்தான் கூட்டம் அதிகம். கோபால் ஷெட்டி, வி. கே. சிவதாஸ் போன்ற ஆசான்கள் இங்கே தலைமுறைகளை உருவாக்கினார்கள். ராம்லி இப்ராஹிம் 1983-இல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கி, இந்திய நடனத்தை எல்லா இனத்தவரும் பார்க்க வைத்தார். அரங்கேற்றம் என்றால் நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பாட்டு. பாடகருக்கு இங்கே நிலையாகக் கிடைக்கக்கூடிய வேலை அதுதான்.

இதை இரண்டாந்தரமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது சரியா? அரங்கேற்றத்தின் நடுநாயகமான வர்ணத்தைக் கவனியுங்கள். முக்கால் மணி நேரம் வரை போகும். ஒரே ஓர் அடியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடியாக வேண்டும். நாயகி ஏங்கும்போது அந்த அடி மெலிய வேண்டும்; அவள் கோபித்துக்கொண்டால் அதே அடியில் வேறு சங்கதி விழ வேண்டும். கண் ஆடுபவரின் முகத்தில், கை தாளத்தில். ஜதியின் தீர்மானம் முடிந்த மறு நொடி எடுப்பில் பிசகாமல் சாகித்யத்தைப் பிடிக்க வேண்டும். ஆடுபவர் தடுமாறினால் அதே வரியை இன்னொரு முறை பாடி, சபைக்குத் தெரியாமல் தாங்கிக்கொள்வதும் பாடகரே. சொல்லின் பொருள் தெரியாமல் இதைச் செய்ய முடியாது. லயம், சாகித்யம், பிறரைக் கேட்டுப் பாடும் காது: மூன்றையும் இவ்வளவு கண்டிப்பாகப் பழக்கும் வகுப்பு வேறில்லை.

குறையும் இருக்கிறது. நடனத்துக்குப் பாடுகிறவர் எதையும் தானாக முடிவு செய்வதில்லை. ராகத்தை விரித்துப் பாட இடமில்லை. கற்பனாஸ்வரத்துக்கு அநேகமாக வேலையே இல்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்த கச்சேரி முறையில், வர்ணத்தில் தொடங்கி ராகம் தானம் பல்லவி, துக்கடா வரை சபையை நடத்திச் செல்லும் பொறுப்பு பாடகருடையது. ஐந்தாறு வருடம் நடனத்துக்கு மட்டுமே பாடியவருக்கு அந்தத் துணிச்சல் மெல்ல மழுங்கிவிடுகிறது. சம்பாதிப்பதற்கு நடன மேடை, வளர்வதற்குக் கச்சேரி மேடை என்று இரண்டையும் விடாமல் வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.

நம் பாடகர்களுக்கு இன்னொரு பலம் திருமுறை. சின்ன வயதிலேயே பண்ணோடு ஓதிய குரல் விருத்தம் பாடினால் தமிழ் தெளிவாக விழும். கச்சேரியின் பிற்பகுதியில் அதை முத்திரையாகவே வைத்துக்கொள்ளலாம். இந்த மண்ணிலிருந்து கச்சேரி மேடைக்குப் போக முடியுமா என்று தயங்குகிறவர்கள் சோங் சியு சென் என்பவரை நினைத்துக்கொள்ளலாம். மலேசியச் சீனரான அவர் டி. கே. பட்டம்மாளிடம் பாடம் கேட்டுக் கர்நாடக சங்கீதப் பாடகரானவர். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்குத் தயக்கம் எதற்கு?

மீதி நம் கையில் இருக்கிறது. அரங்கேற்றம் வைக்கும் பெற்றோர் சென்னையிலிருந்து ஆள் வரவழைக்குமுன் உள்ளூர்ப் பாடகரை ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அழைப்பிதழில் அவர் பெயரை அச்சிடுங்கள். சன்மானத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். கோயில் நிர்வாகத்தினர் நவராத்திரியில் ஒரே ஓர் இரவையாவது உள்ளூர் இளைஞரின் முழுக் கச்சேரிக்கு ஒதுக்குங்கள். ஆலாபனை நடக்கும்போது கார் நம்பரை மைக்கில் அறிவிக்காதீர்கள். ரசிகர்களே, மங்களம் வரை உட்காருங்கள். இவ்வளவும் நடந்தால், நம் பிள்ளை சென்னைக்குப் போவது பிழைப்புத் தேடியாக இருக்காது. தன் பாட்டை அந்த ஊருக்குக் காட்டவே போவார்.