வீட்டுக்குள் வைத்திருக்கும் பேட்டரி



மின்சாரம் நின்றுபோன கோடை இரவிலும் விசிறி சுழல வேண்டும் என்பதற்காக நாம் வாங்கி வைத்த இன்வெர்ட்டர் பேட்டரியும், பெட்ரோல் விலைக்கு அஞ்சி அண்மையில் நாம் வாங்கிய மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியும் இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களில் ஒரே கூரையின் கீழ் இருந்து வருகின்றன. 2008-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிச் சில வருஷங்கள் நம் மாநிலத்தை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில்தான் இவற்றுள் முன்னது பெருவாரியாக வீடுகளுக்குள் வந்தது. மின்வெட்டு குறைந்த பிறகும் அது வெளியேறவில்லை. வாங்குகிறபோது எத்தனை விளக்கு எரியும், எத்தனை மணி நேரம் தாங்கும் என்றெல்லாம் கடைக்காரரைத் துருவித் துருவிக் கேட்ட நாம், அதை வீட்டில் எங்கே வைப்பது என்ற கேள்வியை மாத்திரம் பொருத்த வந்தவரிடமே விட்டுவிட்டோம். அவர் மெயின் போர்டுக்குப் பக்கமாக, ஒயர் அதிகம் செலவாகாத இடமாகப் பார்த்து, மாடிப்படிக்கு அடியிலோ, படுக்கையறை மூலையிலோ, சமையலறையை ஒட்டிய பரணுக்குக் கீழேயோ வைத்துவிட்டுப் போய்விட்டார். பேட்டரியின் பாதுகாப்பில் பாதிக்கு மேல் இந்த இட விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, அந்தப் பெட்டிக்குள் நடக்கும் காரியத்தைச் சற்றே விளக்க வேண்டும்.

இன்வெர்ட்டருக்கு நாம் பெரும்பாலும் உபயோகிப்பது ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட பேட்டரி. பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே 1859-ஆம் ஆண்டில் கண்டுபிடித்த ஏற்பாடு அது. நூற்று அறுபது வருஷங்களுக்கு மேல் கடந்தும் அதன் அடிப்படை மாறவில்லை. காரைக் கிளப்புவதற்கான பேட்டரி ஒரு க்ஷண நேரம் பெரும் மின்னோட்டத்தைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். வீட்டுப் பேட்டரியோ மணிக்கணக்காக நிதானமாகக் கொடுத்து, பிறகு மணிக்கணக்காக வாங்கிக்கொள்ள வேண்டியது. அமெரிக்காவில் கோல்ஃப் மைதானங்களில் மட்டுமன்றிச் சில ஊர்களில் தெருக்களிலும் ஓடி, இரவில் வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில் சார்ஜ் ஏறிக்கொண்டு நிற்கும் கோல்ஃப் வண்டிகளில் நெடுங்காலமாக இருந்து வருவதும் இதே இனம்தான். அங்கே எட்டு வோல்ட் பேட்டரிகள் ஆறினைத் தொடராக இணைத்து 48 வோல்ட் ஆக்குகிறார்கள்; நம் வீட்டில் 12 வோல்ட் பேட்டரி ஒன்றோ இரண்டோ போதுமாயிருக்கிறது. அந்த ஒன்றுக்குள்ளும், ஏறத்தாழ இரண்டிரண்டு வோல்ட் தரக்கூடிய ஆறு தனித்தனி அறைகள் உண்டு.

பேட்டரி மின்சாரம் கொடுக்கக் கொடுக்க, அமிலத்தின் வீரியம் குறைந்து, தகடுகளின்மேல் ஈய சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏறும்போது இந்தக் காரியம் தலைகீழாக நடந்து, அமிலம் மறுபடியும் பழைய வீரியத்தை அடைகிறது. இது மட்டுமே நடக்குமானால் அபாயம் சொற்பம்தான். ஆனால் சார்ஜ் முழுமை அடையப்போகும் கட்டத்தில், தகடுகள் ஏற்றுக்கொள்ள முடியாத மிச்ச மின்சாரம் அமிலத்திலுள்ள தண்ணீரைப் பிரித்து, இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்ஸிஜனுமாக வெளியே அனுப்புகிறது. நீண்ட மின்தடை முடிந்து மின்சாரம் திரும்பி வந்த சில மணி நேரம் கழித்து, ஊர் அடங்கிய வேளையில், பேட்டரி இருக்கும் அறையில் நின்று கவனித்தால், மூடிய பானைக்குள் சோறு கொதிப்பது போன்ற மெல்லிய சப்தம் ஒன்று கேட்கும். தண்ணீர் வாயுவாகிக் கொண்டிருப்பதற்குப் பிரத்தியட்சமான சாட்சி அதுவே.

ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. வாயுக்களிலெல்லாம் மிக இலேசானது என்பதால் மேலே எழும்பிப் பரணுக்கடியிலும் கூரை மூலையிலும் தங்கிவிடும். காற்றில் அது 4 சதவீதம் கலந்துவிட்டாலே தீப்பற்றக்கூடிய நிலை வந்துவிடுகிறது. அங்கிருந்து 75 சதவீதம் வரையிலும் அந்த அபாயம் நீங்குவதில்லை. அதைப் பற்றவைக்கத் தீக்குச்சிகூட வேண்டாம். தளர்ந்துபோன டெர்மினலில் எழும் ஒரு பொறி, பக்கத்துச் சுவிட்சைப் போடும்போது உள்ளே மின்னும் மின்னல், சுவாமி மாடத்து விளக்கின் சுடர், இவற்றில் எதுவும் போதும். அப்படி வெடிக்கிற பேட்டரி சுவரை இடித்துவிடுவதில்லை என்றாலும், அதன் பிளாஸ்டிக் உறை பிளந்து அமிலம் நாலாபுறமும் தெறிக்கும். எதிரே குனிந்து நிற்பவரின் கண்களுக்குத்தான் அதனால் முதல் கெடுதி.

இப்போது மாடிப்படிக்கு அடியில், மரக்கதவு போட்டு மூடிய அலமாரிக்குள், பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் பேட்டரியை நினைத்துப் பாருங்கள். வாயு வெளியேற வழியில்லை. பற்றிக்கொள்ளக் காகிதம் இருக்கிறது. மாடியில் இருப்பவர்கள் தப்பி இறங்க வேண்டிய ஒரே படிக்கட்டோ அதற்கு நேர் மேலே இருக்கிறது. பேட்டரிக்கு வேண்டிய இடம், வெயிலும் மழையும் படாத, மேல்பக்கத்தில் காற்றுப் போக்குவரத்துள்ள திறந்த இடம். சமையல் காஸ் சிலிண்டருக்கு அருகில் அது கூடவே கூடாது. கசிந்த காஸ் கனத்தால் தரையோடு தவழ்ந்து வந்து பேட்டரியின் காலடியில் நிற்கும், ஹைட்ரஜன் மேலே நிற்கும், நடுவில் ஒரு பொறி எழுந்தால் விபரீதம்தான். உஷ்ணமும் அதற்கு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி உயர்வுக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்பது இத்துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. மேற்கு வெயில் சுடும் பால்கனியில் வைத்துவிட்டு, மூன்று வருஷத்தில் போய்விட்டதே என்று கம்பெனியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பூஜை அறைக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் வரைபடத்தில் இடம் குறிக்கிறார்கள். பேட்டரிக்கு ஒரு மாடம், அதற்குமேல் ஒரு காற்றுத் துவாரம் என்று குறிக்கிற பொறியாளர்கள் அபூர்வமாகவே இருக்கிறார்கள். இது எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை.

தண்ணீர் பிரிந்து போகிறது என்றேன் அல்லவா? போனதை ஈடுசெய்வதுதான் பராமரிப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி. ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. குழாய்த் தண்ணீரிலும் போர்வெல் தண்ணீரிலும் உள்ள உப்பும் இரும்பும் குளோரினும் தகடுகளைக் கெடுக்கும். சுத்திகரிப்புக் கருவியில் வரும் குடிதண்ணீரில்கூட அந்தக் கனிமங்கள் அற்றுப்போவதில்லை. அமிலத்தை ஒருபோதும் ஊற்றக் கூடாது. ஆவியாகிப் போனது தண்ணீரே ஒழிய அமிலம் அன்று. சார்ஜ் ஏறும்போது உள்ளிருக்கும் திரவம் பெருகுகிறபடியால், சார்ஜ் முழுமையான பிறகே மட்டம் பார்த்து ஊற்றுவது முறை. முன்னதாகவே விளிம்புவரை ஊற்றினால் அமிலம் பொங்கி வழிந்து, டெர்மினலையும் தரையையும் அரிக்கும். தகடுகள் தண்ணீர் மட்டத்துக்கு வெளியே தெரியுமளவுக்கு வற்றியிருந்தால் மாத்திரம், அவை மூழ்கும் அளவுக்கு முதலில் கொஞ்சம் ஊற்றி, சார்ஜ் ஏற்றி, மீதியைப் பிறகு ஊற்ற வேண்டும்.

இதை வீட்டிலேயே செய்கிறவர்கள் பலர். இன்வெர்ட்டரை அணைத்து, அதன் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஒரு கால்மணி நேரம் கழித்துத் தொடங்குவது நல்லது. கைவளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். கழுத்துச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதை ஆடைக்குள் நன்றாகச் செருகிக்கொள்ளட்டும். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஷாக் அடிக்காதது வாஸ்தவமே. ஆனால் இரண்டு டெர்மினல்களுக்கும் குறுக்கே ஒரு வளையலோ ஸ்பானரோ விழுந்துவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் உலோகத்தைப் பழுக்கக் காய்ச்சிவிடும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிந்து, மேற்பரப்புத் தூசியை ஈரத்துணியால் துடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். தூசி உள்ளே விழுந்தால் அதுவும் தகடுகளுக்குப் பகை. மிதவை உள்ள மாதிரியானால் அது காட்டும் மேல் கோட்டுக்கு அப்பால் ஒரு சொட்டும் போகக் கூடாது. பிளாஸ்டிக் புனல்தான் வேண்டும், தகரப் புனல் கூடாது. தப்பித் தவறி அமிலம் கண்ணில் பட்டுவிட்டால், வைத்தியரிடம் ஓடுவதற்கு முன்னால் கையெட்டும் குழாயைத் திறந்து இருபது நிமிஷமாவது இடைவிடாமல் கண்ணைக் கழுவ வேண்டும். பார்வை தப்புவது பெரும்பாலும் அந்த முதல் நிமிஷங்களைப் பொறுத்திருக்கிறது.

டெர்மினலைச் சுற்றி வெள்ளையும் பச்சையும் நீலமுமாகப் பூத்திருக்கும் பொடியை எல்லோரும் பார்த்திருப்போம். அது அமில ஆவியின் வேலை. அந்தப் பூப்பு இணைப்புக்குக் குறுக்கே தடையாக நின்று, அங்கே சூடு உண்டாகி, நாளடைவில் ஒயரின் உறை உருகும். வீட்டு இன்வெர்ட்டர் தீவிபத்துகளில் இப்படிக் கெட்டுப்போன இணைப்புக்கு முக்கியமான பங்கு உண்டு. ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் போதும். சோடாக் கரைசல் உள்ளே இறங்கினால் அமிலம் கெட்டுப்போகும். டெர்மினலைக் கழற்ற நேர்ந்தால் நெகட்டிவை முதலிலும், மாட்டும்போது அதையே கடைசியிலுமாகக் கொள்வது மெக்கானிக்குகளின் வழக்கம்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது, அல்லது உள்ளே ஓர் அறை கெட்டுவிட்டது என்று பொருள். அந்த நாற்றத்தைத் தரும் வாயு விஷம். அறைக்கு வெளியே உள்ள மெயினை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து மெக்கானிக்கைக் கூப்பிடுவதைத் தவிர நாம் செய்யத்தக்கது வேறொன்றும் இல்லை. ஆயுள் முடிந்த பேட்டரியை மொட்டைமாடியில் போட்டுவைப்பதும், அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை எடுத்துக்கொள்பவரிடம் தள்ளுவதும் குழந்தைகளுக்குச் செய்யும் துரோகம்; 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதை முறையான சேகரிப்புக்கே கொடுக்க வேண்டும். புதியதை விற்கும் கடைக்காரரே பழையதை விலைக்கு எடுத்துக்கொள்வார்.

ஸ்கூட்டரின் விஷயம் வேறு. அதில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991-இல் சோனி நிறுவனம் வியாபாரத்துக்குக் கொண்டுவந்த வகை. தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, சாதாரணமாக வாயுவும் வெளிவராது. ஆனால் உள்ளிருக்கும் திரவமே தீப்பற்றக்கூடியது. அடிபட்டோ, அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறியோ, தயாரிப்புக் குறையாலோ ஒரு செல் மிகையாகச் சூடேறினால், அந்தச் சூடு அடுத்த செல்லைத் தாக்கி, அது அதற்கடுத்ததைத் தாக்கி, நிமிஷங்களுக்குள் முழுப் பெட்டியும் விஷப் புகையைக் கக்கத் தொடங்கிவிடும். 2022 மார்ச் மாதத்தில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார இருசக்கர வாகனம் தீப்பிடித்து, ஒரு தந்தையும் அவருடைய மகளும் புகையில் மூச்சுத்திணறி மாண்ட துயரத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் இத்தகைய விபத்துகள் நேர்ந்த பின்னரே, பேட்டரிகளுக்கான பாதுகாப்புப் பரிசோதனை விதிகளை மத்திய அரசாங்கம் கடுமையாக்கியது. விதிகள் பெட்டியைத் திருத்தும். அதை நாம் நிறுத்துகிற இடத்தைத் திருத்தமாட்டா.

நம்முடைய பழைய வீடுகளில் தெருக்கதவுக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கும் குறுகலான ரேழியில்தான் வண்டியை ஏற்றி நிறுத்துவது வழக்கம். சார்ஜ் போடுவதும் அங்கேதான். தீ மூண்டால் உள்ளே உறங்குகிறவர்கள் அனைவரும் கடந்து போக வேண்டிய வழி அதுவே என்பதை ஒரு தரம் நின்று யோசித்தால், அந்த வழக்கத்தை இன்றே விட்டுவிடுவோம். வெளியே, கூரை உள்ள திறந்த இடத்தில், எர்த் உள்ள கனமான 16 ஆம்பியர் பிளக்கில், வண்டியோடு வந்த சார்ஜரைக் கொண்டே, வீட்டார் விழித்திருக்கும் வேளையில் சார்ஜ் போட வேண்டும்; எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உதவாது. வெயிலில் ஓட்டி வந்த வண்டி ஆறட்டும். கீழே விழுந்த, உப்பிய, வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியைச் சர்வீஸ் நிலையத்தார் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை சார்ஜ் போடவே கூடாது.

ஈய பேட்டரியின் ஒயரில் தீ சிறிதாகத் தோன்றினால் மெயினை அணைத்து, உலர்ந்த ரசாயனப் பொடியோ கரியமில வாயுவோ உள்ள தீயணைப்பானைக் கொண்டு அணைக்கலாம். லித்தியம் பேட்டரி புகையத் தொடங்கினால் அந்தச் சாகசம் வேண்டாம்; பொடி சுடரை அடக்கினாலும் உள்ளே ஓடும் சூட்டை அடக்காது. வண்டியை வெளியே இழுக்க முயலாமல், வீட்டிலுள்ளவர்களை எழுப்பி, குனிந்தபடியே அழைத்து வந்து, கதவைச் சாத்திவிட்டு, 101 அல்லது 112 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். எரிவது லித்தியம் பேட்டரி என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், ஏனென்றால் அதைக் குளிர்விக்க ஏராளமான தண்ணீர் வேண்டியிருக்கும். அணைந்துவிட்டது என்று நினைத்த பேட்டரி சில மணி நேரம் கழித்தும், சில சமயம் நாட்கள் கழித்தும் மறுபடி மூண்டெழுவதுண்டு. ஆகையால் அதைச் சுவரிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் விலக்கி வெட்டவெளியிலேயே வைத்திருந்து, கம்பெனிக்காரர்களோ தீயணைப்புத் துறையினரோ வந்து எடுத்துச் செல்லும்வரை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.