கிணத்துத் தண்ணிக்குக் கணக்கு எங்கே?

(சங்கக் கிளைக் கூட்டத்தில் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நம் ஊருக்கு மேற்கே ஒரு ஆலை வரப்போகிறது. வரட்டும், நாம் தொழிலுக்கு எதிரி இல்லை. ஆனால் கழிவுத் தண்ணியைத் தேக்க மண்கரை போட்டுக் குட்டை வெட்டப் போறாங்க. கம்பெனி கொடுத்த அறிக்கையை உட்கார்ந்து முழுசாப் படிச்சோம். நிலத்தடி நீருக்குப் பாதிப்பு வர வாய்ப்பு குறைவு என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். எதை வைத்து? மூணே மூணு கிணத்துத் தண்ணியை வைத்து. அந்த மூணும் குட்டைக்கு மேற்கே, மேட்டில் இருக்கிற கிணறுகள். எடுத்த மாசம் கார்த்திகை. மழை பெஞ்சு கிணறெல்லாம் நிறைஞ்சு கிடந்த நேரம். நம்ம பூமி மேக்க உசந்து கிழக்க தாழ்ந்தது. கழிவு இறங்கினால் கிழக்கே இருக்கிற நமக்குத்தான் வரும். மேட்டுக் கிணத்தைச் சோதிச்சுப் பள்ளத்துக்காரனுக்குச் சான்று கொடுக்கிறது எந்த ஊர்க் கணக்குங்க?

ஒரத்துப்பாளையத்தை மறந்துடக் கூடாது. நொய்யல் குறுக்கே அந்த அணையைக் கட்டி 1992-ல் முடிச்சாங்க. பாசனத்துக்குன்னு கட்டின அணை. திருப்பூர் சாயப்பட்டறைத் தண்ணி வந்து தேங்கிச்சு. சாயம் கண்ணுக்குத் தெரிஞ்சது. பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாத உப்பு. துணியில் சாயம் ஏற மூட்டை மூட்டையா உப்புப் போடுவாங்க. அது துணியில் தங்காது, தண்ணியோட வெளியே வந்துரும். தேங்கத் தேங்க அந்த உப்பு சுத்துவட்டாரக் கிணறுகளில் இறங்கிச்சு. கடைசியில் ஆயக்கட்டு விவசாயிகளே கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தது. சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலை வரும்வரை பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது 2011 ஜனவரியில். அணை கட்டி 19 வருசம் கழிச்சு! எவ்வளவு தண்ணி வரும்னு கணக்குப் போட்டவங்க, எப்படிப்பட்ட தண்ணி வரும்னும் போட்டிருக்க வேண்டாமா?

நம்ம பக்கம் மேலே ஒரு ஆள் மட்டம், ரெண்டு ஆள் மட்டம் மண்ணும் உளுத்த பாறையும். கீழே கெட்டிப் பாறை. கெட்டிப் பாறையில் தண்ணி இடுக்கு வழியாத்தான் ஓடும். அதனாலதான் ஒரு கிணறு உப்பு, பக்கத்துக் கிணறு நல்ல தண்ணி. சில இடத்தில் பூமிக்கடியில் மதில் மாதிரிக் கருங்கல் குறுக்கே ஓடும். மதிலுக்கு ஒருபக்கம் தண்ணி ஏறி நிக்கும், மறுபக்கம் போர் புகையாப் போகும். இதெல்லாம் கிணறு வெட்டின நமக்குப் பழக்கந்தான். பூமிக்குள்ள மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தாலும் தெரியும். உப்புத் தண்ணி இருக்கிற இடத்தில் மின்சாரம் சுலுவாப் பாயும். குட்டைக்குக் கீழே இடுக்கு எந்தத் திசையில் ஓடுது? அறிக்கையில் ஒரு படம்கூட இல்லை.

அடுத்தது 'வாய்ப்பு குறைவு' என்கிற பேச்சு. இருபது வருசத்துக்கு ஒருதரம் வருகிற பெருமழையைத் தாங்கும் கரையாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. அப்படின்னா எந்த வருசமும் கரை மீறி வழிய நூத்துக்கு 5 வாய்ப்பு. பத்து வருசம் ஆலை ஓடினால் ஒருதரமாவது வழிய வாய்ப்பு நூத்துக்கு 40. இருபது வருசம் ஓடினால் 64. இதுவா குறைவு? வாய்ப்போட நட்டத்தையும் பெருக்கிப் பார்க்கணும். லாரி கவிழ்ந்தால் வேற லாரி வாங்கலாம். கிணறு உவராப் போனால் வாழை போச்சு, மஞ்சள் போச்சு, கட்டுத்தறி மாட்டுக்கும் தண்ணி இல்லை. அது எங்க பேரன் காலத்திலும் தெளியுமோ என்னமோ!

"உங்க ஊர் மண்ணே உப்பு" என்று சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. சுக்காங்கல் பூமியில் இயற்கையாகவே உப்பு, சில இடத்தில் புளோரைடும் இருக்கு. நாம் அள்ளிக் கொட்டின யூரியாவும் கிணத்தில் நைட்ரேட்டா நிக்குது. இதை மறைச்சுப் பேச வேண்டியதில்லை. அதுக்காகத்தான் ஆலை வருவதற்கு முன்னாலேயே நம்ம தண்ணி எப்படி இருந்துச்சுன்னு நம்ம கையில் எழுத்து இருக்கணும்.

1996-ல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கேடு வராது என்று நிரூபிக்க வேண்டியது தொழில் நடத்துகிறவர் பொறுப்பு. ஆகவே நாம் கேட்பது: கிழக்குக் கிணறுகளை ஐப்பசியிலும் சித்திரையிலும் சோதிக்கணும்; பாறை ஓட்டத்தை வரைபடமாகப் போட்டுத் தமிழில் ஊர் நடுவில் ஒட்டணும்; அதுவரை குட்டைக்கு அனுமதி கூடாது.

மனுக் கொடுக்கப் போகும்போது ஆளுக்கொரு பாட்டில் கொண்டு வாங்க. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணியில் பாட்டிலை மூணு தரம் அலசி, காத்து இல்லாம நிரப்பி மூடணும். மேலே பேர், சர்வே நம்பர், எடுத்த தேதி, கிணறா போரா, எத்தனை அடி என்று எழுதி ஒட்டணும். ஒரு பாட்டில் கலெக்டர் ஆபீஸ் மேசைக்கு. இன்னொண்ணு வேளாண்மைத் துறை ஆய்வுக்கூடத்துக்கு. கட்டணத்தைச் சங்கம் கட்டும்.