நோட்டீஸ் வந்தால் குற்றவாளியா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வாடகைக்கு விட்ட வீட்டைக் காலி செய்ய மறுப்பவர்மீது வீட்டுக்காரர் முதலில் செய்ய நினைப்பது போலீஸ் புகார். தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்ததும் தொழிலாளிக்கு முதலில் எழும் அச்சம், போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போய்விடுமோ என்பது. பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டின் மேல்மாடியானாலும் சரி, கிள்ளான் வட்டாரத்துப் பழைய லயமானாலும் சரி, இரு தரப்பும் ஒரே தவறான கணக்கைத்தான் போடுகின்றன. 'நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது, கெடுவும் முடிந்துவிட்டது, இனி அங்கே இருப்பது குற்றம்' என்பதே அந்தக் கணக்கு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 441-ஆவது பிரிவு அத்துமீறல் குற்றத்தை விளக்குகிறது. பிறர் வசமுள்ள இடத்திற்குள் நுழைவது மட்டும் இந்தக் குற்றமாகாது. ஒரு குற்றத்தைச் செய்யும் நோக்கத்துடன், அல்லது இடத்தை வைத்திருப்பவரை மிரட்டும், அவமதிக்கும், தொல்லைப்படுத்தும் நோக்கத்துடன் நுழைந்திருக்க வேண்டும். முறைப்படி நுழைந்தவர் சட்டவிரோதமாக அங்கேயே தங்கிவிட்டாலும் குற்றமாகலாம். ஆனால் அதற்கும் இதே நோக்கம் இருக்க வேண்டும்.

இந்தப் பிரிவில் 'நோட்டீஸ்' என்ற சொல்லே இல்லை. அப்படியானால் நோட்டீஸ் எதற்கு? அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, அதுவரை இருந்த அனுமதியை முடித்துவைக்கிறது. இரண்டாவது, 'எனக்குத் தெரியாது' என்று குடியிருப்பவர் பிறகு சொல்ல முடியாதபடி செய்கிறது. அனுமதி முடிந்துவிட்டதற்கு நோட்டீஸ் சாட்சி. குடியிருப்பவரின் மனத்தில் என்ன நோக்கம் இருந்தது என்பதை அது நிரூபிப்பதில்லை. அதைத் தனியாக நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு உண்டு.

ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கு

இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கிய தீர்ப்பு ஒரு தமிழ்த் தோட்டத் தொழிலாளியின் வழக்கில் பிறந்தது. இலங்கையின் கேகாலைப் பகுதியில் நேவ்ஸ்மயர் என்ற தோட்டத்தை 1940-களில் அரசு கையகப்படுத்தியது. தொழிலாளர்களுக்கு வேலை நிறுத்த நோட்டீஸும் வெளியேறச் சொல்லும் நோட்டீஸும் தரப்பட்டன. அவர்கள் வெளியேறவில்லை. தோட்டத்துரையைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு தங்கியிருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, தொழிலாளி ஒருவர் தண்டிக்கப்பட்டார். சின்னசாமி செல்வநாயகம் எதிர் மன்னர் என்று சட்ட நூல்களில் பதிவாகியுள்ள அந்த வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது.

1950-ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. தங்கியிருப்பதால் துரைக்குத் தொல்லை ஏற்படும் என்று தொழிலாளிக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் தெரிந்திருப்பது வேறு, அதையே நோக்கமாகக் கொள்வது வேறு. வாழ்ந்த வீட்டை விட்டுப் போகாமல் இருப்பதுதான் அவருடைய முதன்மை நோக்கம். உரிமை உண்டு என்று அவர் நேர்மையாக நம்பினார். அந்த நம்பிக்கை சட்டப்படி தவறாக இருந்தாலும், அதனால் மட்டும் அவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது. உரிமை கோருவது வெறும் போர்வையாக இருந்து, உள்ளே மிரட்டலோ தொல்லையோதான் முதன்மை நோக்கம் என்றால் அது குற்றமே.

இலங்கை, இந்தியா, மலேசியா மூன்றிலும் இந்தப் பிரிவு 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தை வேராகக் கொண்டது. அதனால்தான் கேகாலைத் தோட்டத்தில் எழுந்த கேள்வி கிள்ளானுக்கும் பொருந்துகிறது.

நோட்டீஸையே குற்றத்தில் சேர்த்த மாநிலங்கள்

இந்தியாவின் உத்தரப் பிரதேச மாநிலம் 1961-இல் 441-ஆவது பிரிவைத் திருத்தியது. அனுமதியின்றி இடத்தைக் கைப்பற்றும் எண்ணத்துடன் நுழைந்தவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் முறையாகச் சேர்ப்பிக்கப்பட வேண்டும். அதில் குறிப்பிட்ட நாளுக்குள் அவர் வெளியேறாவிட்டால் அதுவே அத்துமீறல் குற்றம் என்று அந்தத் திருத்தம் கூறியது. ஒரிசா மாநிலமும் 1986-இல் இதைப் போன்ற திருத்தம் செய்தது. அங்கே நோட்டீஸில் தேதி இல்லையென்றாலோ, அது உரியவர் கையில் சேரவில்லையென்றாலோ வழக்கே ஆட்டம் கண்டது. 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவில் இந்த நோட்டீஸ் வாசகம் இல்லை. மலேசியச் சட்டத்தில் அது ஒருபோதும் இடம்பெற்றதில்லை.

அரசு நிலத்தின் கதை வேறு

இதைக் கேட்டதும் புறம்போக்குவாசிகள் எல்லோருக்கும் பாதுகாப்பு உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. அரசு நிலத்தில் அனுமதியின்றிக் குடியிருப்பது தேசிய நிலச் சட்டத்தின் 425-ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். அதற்குத் தொல்லைப்படுத்தும் நோக்கம் தேவையில்லை. 2017-இல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இருபது முப்பது ஆண்டுகள் குடியிருந்தால் நிலம் சொந்தமாகிவிடும் என்ற பேச்சும் மலேசியாவில் செல்லாது. எத்தனை ஆண்டுகள் அனுபவித்தாலும் பட்டாதாரரின் உரிமை அதனால் அழிவதில்லை. புறம்போக்குவாசிக்குச் சட்டத்திலோ நியாய முறையிலோ உரிமை இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 1982-இல், சிடேக் வழக்கில் தீர்ப்பளித்தது.

ஆனால் யார் புறம்போக்குவாசி என்பதே பல நேரங்களில் வழக்கின் மையம். 2011-இல் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தோட்டக் குடும்பங்களுக்கு மாநகர் மன்றம் நோட்டீஸ் கொடுத்தது. புறம்போக்குவாசிகளை அகற்றுவதற்கான 1969-ஆம் ஆண்டு அவசரகால விதிகள் அதற்குப் பயன்படுத்தப்பட்டன. தாங்கள் புறம்போக்குவாசிகள் அல்லர், தோட்ட நிர்வாகம் குடியமர்த்திய தொழிலாளர்கள் என்பதே அந்தக் குடும்பங்களின் வாதம். அந்த அவசரகால விதிகள் 2012-இல் காலாவதியாகிவிட்டன. ஆனால் அந்த வாதத்தின் பொருள் இன்றும் முக்கியமானது. அனுமதியே இல்லாமல் புகுந்தவர் ஒரு வகை, அனுமதியோடு வந்து தங்கியவர் வேறு வகை என்று 1991-இல் பொஹாரி பின் தாயிப் வழக்கில் அன்றைய உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. இரண்டாம் வகையினரைச் சுருக்க விசாரணையில் அவசரமாக வெளியேற்றிவிட முடியாது.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது

வாடகை ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவர் போகாவிட்டால், நீதிமன்ற நடவடிக்கை மூலமாகவே வீட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்று 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. பூட்டை மாற்றுவது, குழாயை அடைப்பது, மின்சாரத்தைத் துண்டிப்பது, ஆள்வைத்துச் சாமான்களை வெளியே தள்ளுவது ஆகியவை நியாயமான கோரிக்கையையும் கெடுத்து, வீட்டுக்காரரையே எதிர்வாதியாக்கிவிடும்.

அதற்காக வீட்டுக்காரர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நோட்டீஸில் வீட்டின் முகவரி, எந்த அடிப்படையில் ஒப்பந்தம் முடிகிறது, எந்தத் தேதிக்குள் காலி செய்ய வேண்டும் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளட்டும். நேரில் கொடுத்தால் கையெழுத்து வாங்கட்டும். கெடு தாண்டியும் தங்கும் வாடகைக்காரரிடம் இரட்டிப்பு வாடகை கோர 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28-ஆவது பிரிவு இடம் தருகிறது. அனுமதியே இல்லாமல் புகுந்தவர்கள் என்றால், 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 89-ஆவது ஆணைப்படி விரைவாக வழக்குத் தொடுக்கலாம். அவர்களின் பெயர் தெரியாவிட்டாலும் வழக்குப் பத்திரத்தைக் கதவில் ஒட்டினால் போதும்.

பூட்டை உடைத்து நுழைந்தாலோ, ஆயுதம் காட்டி மிரட்டினாலோ போலீசுக்குப் போகத் தயங்க வேண்டாம். அங்கே நோக்கம் வெளிப்படையாகவே தெரிகிறது.

குடியிருப்பவர் செய்ய வேண்டியது

பெரும்பாலான குடும்பங்கள் தோற்பது நோட்டீஸைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைப்பதால்தான். கெடு முடிந்து, வழக்குத் தொடரப்பட்டு, எதிர்த்தரப்பு வராமலேயே ஆணை பிறப்பிக்கப்பட்ட பிறகு யாரிடம் ஓடினாலும் பயன் குறைவு.

நோட்டீஸ் வந்த நாளை உறையிலேயே எழுதிவைக்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்ததற்கான சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, தண்ணீர், மின்சாரக் கட்டண பில்கள், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்திலுள்ள முகவரி ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். யார் அனுமதித்து, எப்போது குடிவந்தோம் என்பதை எழுத்து மூலம் பதிலாக அனுப்ப வேண்டும். வழக்கறிஞருக்கு வசதி இல்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ, அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவையோ நாடலாம். மேலதிகாரியைத் திட்டுவதும், வழிமறித்து மிரட்டுவதும் கூடவே கூடாது. இல்லாத நோக்கத்தை இருப்பதாகக் காட்டும் சாட்சியம் அதுவாகிவிடும்.

குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வருவதும் வீடு நிலைப்பதும் ஒன்றல்ல. தண்டனையிலிருந்து தப்பியவரையும் சிவில் நீதிமன்றம் வெளியேறச் சொல்லலாம். ஆனால் சிறைக்கு அஞ்சி ஒரே இரவில் மூட்டை கட்டுவதற்கும், இழப்பீட்டையும் மாற்று வீட்டையும் பேசி முடித்துவிட்டு இறங்குவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நோட்டீஸுக்குத் தரும் பதில்தான் அந்தப் பேச்சுக்கு வழிதிறக்கிறது.