கம்பியில்லாத் துளைக்கருவியும் நம் இடக்கையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் இலக்கியமும் முழங்கவேண்டிய மேடையில், சுவரில் துளையிடுவதைப் பற்றியா பேசுவது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆயினும், ஊர்விட்டு வந்து புனேயில் குடியேறிய நம் குடும்பங்களில் சுவாமி படம் மாட்டவும், திரைச்சீலைக் கம்பி பொருத்தவும், நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டவும் தச்சரை எதிர்பார்த்தால், அரை மணி வேலைக்கு அரை நாள் காத்திருக்க நேர்கிறது. அதனால்தான் இன்று பல வீடுகளில் பாட்டரியால் இயங்கும் டிரில் ஒன்று அலமாரியில் இடம் பெற்றுவிட்டது. ரவிவார் பேட்டையில் போஹ்ரி ஆளிப் பக்கம் சென்றால் இத்தகைய கருவிகளைக் காணலாம். வாங்குவது எளிது, வகையறிந்து கையாள்வது வேறு.

இக்கருவியின் வரலாறு நெடியதன்று. மின்சாரத்தால் இயங்கும் துளைக்கருவி 1889-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் தோன்றிவிட்டது. ஆனால் மின்கம்பியின் கட்டிலிருந்து அதை விடுவித்து, பாட்டரியோடு விற்பனைக்குக் கொணர்ந்தது அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம், ஆண்டு 1961. பான்ஷெட் அணை உடைந்து இந்நகரை வெள்ளம் சூழ்ந்த அதே ஆண்டு என்றால், பழைய புனேவாசிகளுக்கு நினைவில் நிற்கும். அன்று நிக்கல்–காட்மியம் பாட்டரி; இன்று பெரும்பாலும் லித்தியம் அயனி பாட்டரி. சிறிய கருவிகள் 12 வோல்ட், பெரியவை 18 வோல்ட் என்ற அளவில் வருகின்றன.

பன்னிரண்டு வோல்ட்டுதானே, என்ன செய்துவிடும் என்று நாம் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். கருவியில் கம்பி இல்லை என்பது மெய். ஆனால் சுவருக்குள் கம்பி இருக்கிறதே! அதில் ஓடுவது 230 வோல்ட் மின்சாரம். சுழலும் பிட் அக்கம்பியைத் தொட்டால், மின்சாரம் கருவியின் உலோகப் பகுதிக்கு வந்துவிடும். சக்கின் மேல் விரல் வைத்திருப்பவர் கதி என்னாகும்? ஆகவே ரப்பர், பிளாஸ்டிக் உறையுள்ள பிடியை மட்டுமே பற்றவேண்டும். சுவிட்சுப் பலகையிலிருந்து கம்பிகள் பெரும்பாலும் செங்குத்தாகவோ கிடையாகவோ செல்லும். எனவே சுவிட்சுக்கு நேர் மேலும், நேர் கீழும், நேர் பக்கத்திலும் துளையிடுதல் ஆகாது. குளியலறை, சமையலறைச் சுவர்களில் தண்ணீர்க் குழாய்களின் போக்கையும் கருதவேண்டும்.

இங்கேதான் கம்பியில்லாக் கருவியின் பெருஞ்சிறப்பு ஒன்று மறைந்து கிடக்கிறது. வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாலும் இக்கருவி ஓடும்! பகல் வெளிச்சத்தில், மெயினை அணைத்துவிட்டுத் துளையிடுவோருக்குச் சுவருக்குள் உள்ள கம்பியால் அச்சமில்லை. ஆனால் இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் மெயினை அணைத்தது போதாது. அதையும் அணைத்து, மின்விளக்கு எதுவும் எரியவில்லை என்று உறுதி செய்தபின்னரே தொடங்கவேண்டும். எங்கள் ரயில்வேயில் 25,000 வோல்ட் மேல்மின் கம்பியில் பணிபுரிவோர், மின்சாரம் நிறுத்தப்பட்டு, கம்பி பூமியோடு இணைக்கப்படும் வரையில் அதைத் தொடுவதில்லை. எத்தனை ஆண்டு அனுபவம் இருப்பினும் இந்த ஒழுங்குக்கு விலக்கில்லை. அதில் சிறு பங்கை நாம் வீட்டிலும் கைக்கொள்ளலாகாதா?

இனி, நம் தலைப்பில் உள்ள இடக்கைக்கு வருவோம்.

சென்ற ஆண்டு நவராத்திரிக்கு முந்தின நாள், எங்கள் வீட்டுக் கொலுப்படியின் சட்டம் ஒன்று ஆடிற்று. இடக்கையால் சட்டத்தை அடியில் தாங்கி, வலக்கையால் கருவியை அழுத்தினோம். ஸ்க்ரூவின் தலையிலிருந்து பிட் வழுக்கிற்று. விசையை விடுவதற்குள் பெருவிரலின் அடிச்சதையில் பாய்ந்துவிட்டது. நான்கு தையல் போடும்படி ஆயிற்று. அதைவிட நம்மை வாட்டியது வேறொன்று. "வந்து சட்டத்தைப் பிடித்துக்கொள்" என்று பத்து வயது மகனிடம்தான் முதலில் சொல்லியிருந்தோம். ஸ்க்ரூ டப்பாவை எடுத்துவர அவன் அடுத்த அறைக்குப் போயிருந்தான். காத்திருக்கப் பொறுமையின்றி நாமே பிடித்தோம். அவ்விடத்தில் அந்தப் பிஞ்சுக் கை இருந்திருந்தால்? அன்றிரவு கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தபோது, கண் மூடவில்லை. "கட்டையை மேஜையோடு சேர்த்து இறுக்கியிருந்தால், யார் கையும் வேண்டியிருந்திராதே" என்றார் வீட்டார். அந்த ஒரு வாக்கியமே இன்றைய பேச்சின் சாரம். இறுக்கிப் பிடிக்கும் சி-கிளாம்பு இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிட் செல்லும் திசையில் எவருடைய கையும் இருத்தல் கூடாது. குழந்தையின் கை அருகிலேயே வரலாகாது.

பிட் ஏன் வழுக்குகிறது? ஸ்க்ரூவின் தலைப்பள்ளத்துக்குப் பொருந்தாத பிட், தேய்ந்த பிட், சாய்த்துப் பிடித்தல், மிகுந்த வேகம் ஆகியவையே காரணங்கள். கருவியின் கழுத்தில் எண்கள் பொறித்த வளையம் இருக்கும். ஸ்க்ரூ முடுக்கச் சிறிய எண்ணில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றவேண்டும். அளவு மீறினால் வளையமே சுழற்சியைத் தடுத்து நம்மைக் காக்கும். கெட்டியான மரமாயின் முன்னதாகச் சிறு துளை இட்டுக்கொள்வது நலம். சுத்தியல் படம் போட்ட நிலை செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் உரியது. மரத்துக்கும் டைல்ஸுக்கும் ஆகாது. பிட் மாற்றும்போது பாட்டரியைக் கழற்றிவிடவேண்டும். வேலை இடையே கீழே வைக்கும்போது, திசை மாற்றும் பொத்தானை நடுவில் நிறுத்தினால் விசை பூட்டப்படும்.

பலவந்தமும் உதவாது. 1971-இல் அப்போலோ 15 விண்வெளிப் பயணத்தில் சந்திரனில் பாட்டரி டிரில்லால் துளையிட்டபோது, மண்ணில் இறங்கிய குழாய் சிக்கிக்கொள்ள, ஸ்காட், இர்வின் என்ற இருவரும் சேர்ந்து அரும்பாடுபட்டு இழுக்கவேண்டியதாயிற்று. சந்திரனில் நேர்ந்தது சுவரிலும் நேரும். பிட் இறங்க மறுத்தால், உள்ளே இரும்புக்கம்பியோ கடினக் கல்லோ இருக்கலாம். நிறுத்தி இடம் மாற்றுவதே அறிவுடைமை. பேட்டைகளிலுள்ள பழைய வாடாக்களின் சுவர் வேறு, புதிய அடுக்குமாடியின் கான்கிரீட் தூண் வேறு.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. முந்தானையைச் செருகி, பின்னலை முடிந்து, தொங்கும் சங்கிலியையும் வளையலையும் கழற்றி வையுங்கள். ஆடவர் தோள் துண்டையும் தளர்ந்த சட்டைக் கையையும் அவ்வாறே. சுழலும் பிட்டின் அருகே நூல் கையுறை அணிவதும் தவறு. அது சிக்கிக் கையையும் இழுத்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி, காலுக்கு ஆடாத ஏணி இம்மூன்றும் வேண்டும்.

இறுதியாகப் பாட்டரி. அதற்குரிய சார்ஜரைக் கொண்டே, மெத்தையிலோ வெயிலிலோ வைக்காமல், நம் கண்பார்வையில் மின்னேற்றுங்கள். ஆணியும் ஸ்க்ரூவும் கிடக்கும் தகர டப்பாவில் பாட்டரியைப் போடாதீர்கள்; இரும்பு பட்டு முனைகள் இணைந்தால் தீப்பிடிக்கும். உப்பிய பாட்டரியை உபயோகிக்காதீர்கள். பழுதானதைக் குப்பைத்தொட்டியில் எறியாமல், சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளும் அதையே வேண்டுகின்றன.

அன்பர்களே, சென்ற நவராத்திரியில் நம் கை கட்டில் இருந்தபடியால், கொலுவில் முதல் பொம்மையை வைத்தவன் மகனே. இரு கைகளாலும் ஏந்தி வைத்தான். அந்தக் காட்சியை எண்ணித்தான் இன்று உங்கள் பொறுமையைச் சோதித்தோம். இவ்வாண்டும் கொலுப்படியில் ஓர் ஆணி முடுக்கவேண்டியிருக்கும். மேஜை இருக்கிறது, கிளாம்பு இருக்கிறது. எவர் கையும் வேண்டியதில்லை.