இரத்த ஓட்டத்தில் காந்தத் திரவம்

இரவுச் சந்தையில் காந்தக் காப்பு விற்பவர் சொல்லும் காரணம் பலருக்குத் தெரிந்ததுதான். இரத்தத்தில் இரும்பு உண்டு, காந்தம் இரும்பை இழுக்கும், ஆகவே காப்பு அணிந்தால் இரத்த ஓட்டம் சீராகும் என்பார். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால், இரத்தத்தின் இரும்பு ஆணியின் இரும்பைப் போன்றதன்று. ஹீமோகுளோபினுக்குள் தனித்தனி அணுக்களாகக் கட்டுண்டு கிடக்கிறது. ஆக்சிஜன் ஏற்ற இரத்தத்தைக் காந்தம் ஈர்ப்பதில்லை, மிகச் சிறிதளவு விலக்கவே செய்கிறது என்பதை லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியெல்லும் 1936ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டனர்.

காந்தத்துக்குக் கட்டுப்படும் ஒன்றை இரத்தத்தில் கலந்தால் என்ன? அப்படியொரு திரவம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் நாசாவின் ஸ்டீவன் பாப்பெல், எடையற்ற வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுப்பதற்காக அதை உருவாக்கினார். சுமார் 10 நானோமீட்டர் அளவுள்ள இரும்பு ஆக்சைடுத் துகள்கள், ஒன்றோடொன்று ஒட்டாதபடி மேற்பூச்சுடன் திரவத்தில் மிதக்கின்றன. சிவப்பணு ஒன்றின் குறுக்களவு இதைப்போல் ஏறக்குறைய 800 மடங்கு.

மருத்துவர்களுக்கு இதில் ஆசை பிறந்ததற்குக் காரணம் உண்டு. நரம்பில் ஏற்றும் புற்றுநோய் மருந்து உடலெங்கும் பரவுகிறது. முடி கொட்டுகிறது, வாந்தி வருகிறது, வெள்ளணுக்கள் குறைகின்றன. மருந்தைத் துகளோடு பிணைத்து, கட்டிக்கு அருகே காந்தத்தை வைத்தால்? ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் லூபே குழுவினர் 14 நோயாளிகளுக்கு எபிருபிசின் மருந்தை இவ்வாறு கொடுத்து 1996ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழப் பாதிப் பேரிடம்தான் திரவம் கட்டியைச் சென்றடைந்தது. 2000ஆம் ஆண்டில் கிறிஸ்டோப் அலெக்சியூ குழுவினர், கட்டிக்குப் போகும் தமனியிலேயே ஊசி போட்டு, வழக்கமான அளவில் 20 விழுக்காட்டு மருந்தைக் கொண்டே முயல்களின் கட்டியைக் கரைத்தனர்.

முயலில் முடிந்தது மனிதரில் ஏன் எளிதாகவில்லை? ஓட்டம்தான் சிக்கல். பெருந்தமனியில் இரத்தத்தின் உச்ச வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவுக்குப் போகிறது. தந்துகியில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மெதுவான இடத்தில் காந்தம் பிடிக்கும், வேகமான இடத்தில் துகள் அடித்துச் செல்லப்படும். தூரம் கூடக்கூட இழுவிசையும் வெகுவாகக் குறைந்துவிடும். தோலுக்கடியில் உள்ள கட்டிக்கும் ஆழத்தில் உள்ள கட்டிக்கும் வேறுபாடு அங்கேதான். துகளின் குறுக்களவு பாதியானால் இழுவிசை எட்டில் ஒன்றாகிறது, ஓட்டத்தின் உந்துதலோ பாதியாகத்தான் குறைகிறது. சரி, பெரிய துகளைப் போடலாமென்றால் நுண்குழாய் அடைபடும் அபாயம். காந்தப் புலத்தில் துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்வதால் திரவமே தடிக்கவும் செய்கிறது. இவற்றுக்கெல்லாம் தப்பியவற்றைக் கல்லீரல் விழுங்கிவிடுகிறது.

ஆகவே, காந்தத்தால் மருந்தை இழுத்துச் செல்லும் முறை புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. அப்படி ஒன்று இருப்பதாக யாராவது பணம் கேட்டால், முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இரும்பு ஆக்சைடுத் துகள் வேறொரு வழியில் மருந்தாகிவிட்டது. ஃபெருமாக்சிட்டால் என்ற ஊசிமருந்துக்கு 2009ஆம் ஆண்டில் அமெரிக்கா அனுமதி அளித்தது, நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்காக. அங்கே காந்தமே தேவையில்லை. உடல் துகளைச் சிதைத்து, அந்த இரும்பைக் கொண்டு ஹீமோகுளோபின் செய்துகொள்கிறது. கடுமையான ஒவ்வாமை நேரக்கூடும் என்பதால் 2015ஆம் ஆண்டில் எச்சரிக்கை வலுப்படுத்தப்பட்டது. அதை மெதுவாக ஏற்றி, முடிந்த பிறகும் அரை மணி நேரம் நோயாளியைக் கவனிக்கிறார்கள்.